பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் முன்னாள் படைவீரரை வீட்டில் வைத்துப் பராமரிப்பது பற்றி

கேள்வி: காட்பாடி மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 81. ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் சேர்ந்து, 1971 போரின்போது மேற்கு எல்லையில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவர். ஹவில்தாராக ஓய்வு பெற்றார். நான்கு மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மருத்துவமனையில் இருபது நாள் வைத்திருந்து, மூக்கில் உணவுக் குழாயும் கீழே சிறுநீர்க் குழாயுமாக வீட்டுக்கு அழைத்து வந்தோம். பேச வாயெடுத்தால் சொல் வருவதில்லை, ஆனால் நாம் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது. அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலிக்காரர். நான் வேலைக்குப் போனால்தான் வீடு நடக்கும்.

ஒரு ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம். மூன்று மாதத்தில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். கடைசியாக வந்த இளைஞர் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க அவருடைய தோளில் கை வைத்திருக்கிறார். அப்பா இடது கையால் ஓங்கி அடித்துவிட்டார். அந்தப் பையனுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. ஏஜென்சியைக் கேட்டபோது, "இரவில் கையைக் கட்டிலில் கட்டி வையுங்கள், எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார்கள். மறுநாள் இரவு அந்தப் பையன் அம்மாவின் பழைய புடவைத் துண்டால் கட்டியும் விட்டார். விடியற்காலையில் அம்மா எழுந்து பார்த்து, அவிழ்த்துவிட்டு, அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றே அந்தப் பையனை அனுப்பிவிட்டோம்.

இப்போது நானும் அம்மாவும்தான் பார்த்துக்கொள்கிறோம். போரில் இருந்தவர் என்பதால்தான் இரவில் இப்படி நடந்துகொள்கிறாரா? இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருக்கிறது. அதற்குப் பவுடர் போட்டுத் தேய்த்துவிடலாமா? முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு நர்ஸ் அனுப்புவார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற ராணுவச் செவிலியர்

சகோதரி, நான் ராணுவச் செவிலியர் பணியில் பல ஆண்டுகள் இருந்தவள். முதலில் அந்தச் சிவப்பைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் மற்ற எதுவும் இரண்டு நாள் காத்திருக்கும், அது காத்திருக்காது. விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் அந்த இடத்தின் மேல் விழும் பாரத்தை எடுத்துவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். வெளுக்காமல் அப்படியே சிவந்து நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் படி. நம்முடைய நிறத்தில் சிவப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. பவுடரோ எண்ணெயோ ஸ்பிரிட்டோ போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். உள்ளே ஏற்கெனவே நைந்துபோன திசு தேய்க்கத் தேய்க்க மேலும் கிழியும். தோல் உரிந்தாலோ கொப்புளம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும். ஏர் பெட் என்கிற காற்று மெத்தை இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். அதை வாங்கிப் போட்ட பிறகு புரட்டுவதையே விட்டுவிட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முழுவதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பு எலும்பின் மேல் பாரம் விழும். எனவே முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து லேசாகச் சாய்த்தால் போதும். இரண்டு முழங்கால்களுக்கு நடுவே ஒன்றும், குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்றும் வையுங்கள். மேலே நகர்த்தும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள், விழுந்துபோன கையின் தோள்மூட்டு கழன்றுவிடும். அடியில் மடித்துப் போட்ட விரிப்பை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும்.

இனி இரவு நடந்ததற்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் போரைக் காரணமாகச் சொல்லிவிடுவது நமக்கு எளிது. அதனாலேயே உடம்பில் தேட வேண்டியதைத் தேடாமல் விட்டுவிடுகிறோம். வலது பக்கம் விழுந்தவர்களில் பலருக்கு வலது பக்கப் பார்வையும் போயிருக்கும். கண் நன்றாக இருந்தாலும் மூளை அந்தப் பக்கத்தைக் காட்டாது. அந்தப் பையன் எந்தப் பக்கமாக வந்தார் என்று யோசித்துப் பாருங்கள். வலது பக்கமாக வந்திருந்தால், உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை, இருட்டில் எங்கிருந்தோ ஒரு கை வந்து தோளைப் பிடித்திருக்கிறது. எந்த மனிதரும் திடுக்கிடுவார். எல்லையில் உறங்கிப் பழகியவர் அடிப்பார். ஆகவே எப்போதும் இடது பக்கமாக அல்லது கால்மாட்டிலிருந்து வாருங்கள். சிறிய விளக்கு ஒன்று இரவு முழுவதும் எரியட்டும். முதலில் குரல், பிறகு முகம், கடைசியாகத்தான் கை. நான் வார்டில் யாரையும் தோளைத் தொட்டு எழுப்பியதில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று, "ஹவில்தார் சாப்" என்று கூப்பிடுவேன். அவர் கண் என் மேல் வந்து நின்ற பிறகுதான் நகர்வேன்.

அடுத்ததாக, இந்த இரவுக் கலக்கம் திடீரென்று தொடங்கியதா? அப்படியானால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி ஆகிய மூன்றையும் பார்த்தாக வேண்டும். குழாய் போட்டிருக்கும் முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று சில சமயம் காய்ச்சலே இல்லாமல் குழப்பமாக மட்டும் வெளிப்படும். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. நான்கு மாதமாகியும் அந்தக் குழாய் ஏன் இருக்கிறது என்று மருத்துவரைக் கேளுங்கள். மூக்குக் குழாயும் அப்படித்தான். விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பலருக்கு அதை எடுத்துவிட முடியும். யாரும் கேட்காததால் மாதக்கணக்கில் கிடக்கிறது. அதுவரை, ஊட்டும்போது தலைமாட்டை நன்றாக உயர்த்தி, ஊட்டி முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். மூக்கு நுனியில் குழாயின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோடு நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் நர்ஸை அழையுங்கள்.

கையைக் கட்டியது தவறு. அம்மா அவிழ்த்தது சரி.

இன்னொன்று சொல்கிறேன், செய்து பாருங்கள். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்கும் மனப்பாடமாக ஊறிப்போன சொற்கள் தங்கியிருப்பது உண்டு. எண்கள், கிழமைகள், சாமி பாட்டு, படையில் நாள்தோறும் கேட்ட கட்டளைகள் போன்றவை. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முடியாதவர் ஒன்று முதல் பத்து வரை சொல்லிவிடுவார். அப்பாவைப் புரட்டும் முன், அவர் படையில் எண்ணிப் பழகிய இந்தியில், "ஏக், தோ" என்று நீங்கள் எண்ணத் தொடங்குங்கள். என்ன நடக்கப் போகிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

பதில் 2: பழைய சுபேதார்

அம்மா, நர்ஸ் அம்மையார் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பெயர் இசிஎச்எஸ். 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அதில், பாலிகிளினிக் என்கிற அத்திட்டத்தின் மருத்துவ நிலையத்தில் வைத்தியம், மருந்து, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளுக்குப் பரிந்துரை ஆகியவை உண்டு. ஆனால் வீட்டில் பகலும் இரவும் கூடவே இருக்கும் ஆளை அத்திட்டம் தருவதில்லை. அதை எதிர்பார்த்து அலைய வேண்டாம். சில கருவிகளுக்கு மட்டும், சிறப்பு மருத்துவர் எழுதிக் கொடுத்தால், வரம்புக்கு உட்பட்டுப் பணம் திரும்பக் கிடைக்கும்; வாங்கிய பிறகு கேட்காமல் வாங்கும் முன்பே பாலிகிளினிக் பொறுப்பதிகாரியிடம் கேளுங்கள். நள்ளிரவில் அவசரமாகப் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும். இந்த ஒன்றை மறந்ததால் பில் பணத்தை இழந்தவர்கள் எங்கள் சங்கத்திலேயே உண்டு.

கவனிப்பாளருக்கான படி என்று ஒன்று இருப்பதாக யாராவது சொல்லியிருப்பார்கள். அது பணியின் காரணமாக ஏற்பட்ட ஊனத்துக்கு நூறு சதவீத ஊன ஓய்வூதியம் பெறுகிறவர்களுக்கானது. வயதான காலத்தில் வந்த பக்கவாதத்துக்குக் கிடைக்காது. ஆனால் உங்களுக்கு உறுதியாக உரிய ஒன்று இருக்கிறது. 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். 85 வயதில் அது 30 சதவீதமாகும். அப்பாவுக்கு 81 என்கிறீர்கள். வருகிறதா என்று பார்த்தீர்களா? பழைய ஆவணங்களில் பிறந்த தேதி தவறாகவோ ஆண்டு மட்டுமோ இருந்தால் அது தானாக ஏறாது. டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியே அந்த ஆணையில் உங்கள் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். அப்பா கைநாட்டு வைக்கும் நிலையில் இருக்கும்போதே திருத்தினால் நான்கு தாளில் முடியும் வேலை, பிறகு செய்தால் நான்கு ஆண்டு இழுக்கும். இதைப் பேச மனசு வராது என்று தெரியும், ஆனாலும் பேசுங்கள்.

உயிர்வாழ் சான்றுக்காக அவரைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக வேண்டாம். அதற்கென்றே இருக்கும் ஜீவன் பிரமாண் என்ற அரசுச் செயலியில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம். தபால்காரரும் வீட்டுக்கு வந்து எடுத்துத் தருகிறார்.

மாநில அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையும் விடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை கொடுப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் ஆதரவு சிகிச்சையும் தருவது அதில் சேர்ந்ததுதான். மிலிட்டரிக்காரர் வீட்டில் அதைக் கேட்பது கௌரவக் குறைவு என்று என் சம்பந்தி ஆறு மாதம் கேட்காமலே இருந்தார். அந்த ஆறு மாதத்தில் கை மடங்கி இறுகிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

வேலூர் மணிக்கூண்டுக் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று வெட்டியிருக்கிறது. மீதி 263 பேர் என்ன ஆனார்கள், நோயில் விழுந்தபோது யார் வீட்டுத் திண்ணையில் கிடந்தார்கள், யார் கஞ்சி ஊற்றினார்கள் என்பதை எந்தக் கல்லிலும் வெட்டவில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

பதில் 3: வீட்டு நர்ஸ் வேலை செய்பவர்

நான் பதினோரு ஆண்டுகளாக வீடுகளில் தங்கி இந்த வேலை செய்கிறேன். அந்தப் பையன் கையைக் கட்டியதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. ஏஜென்சியில் எங்களிடம் முகவரியும், "ஆண், பெட் ரிடன், ரெண்டு டியூப்" என்பதும் மட்டும்தான் சொல்வார்கள். வீட்டுக்குப் போனால் மருந்துப் பெட்டியையும் குளியலறையையும் காட்டுவார்கள். அவர் யார், எதற்குப் பயப்படுவார், எந்தப் பக்கம் பார்வை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஒரு வீட்டில் மூன்று நாள் வரை எனக்குத் தாத்தாவின் பெயரே தெரியாது.

அடுத்து வருகிறவருக்கு முதல் நாளே அரை மணி நேரம் ஒதுக்கி, அப்பாவின் சீருடைப் படத்தைக் காட்டி, நர்ஸ் அம்மா சொன்ன அந்த இடது பக்க விஷயத்தைச் சொல்லிக் காட்டுங்கள். கட்டிலுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதியும் ஒட்டுங்கள், ஏனென்றால் நாங்கள் லீவு போட்டால் வேறொருவர் வருவார். ஏஜென்சியில் பேசும்போது, வருவது பயிற்சி பெற்ற நர்ஸா, அட்டெண்டரா என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். குளிப்பாட்டுவது, புரட்டுவது, ஊட்டுவது அட்டெண்டர் செய்வார். குழாய் மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது படித்த நர்ஸின் வேலை. இரண்டுக்கும் ஒரே ஆளைக் குறைந்த சம்பளத்தில் அனுப்பிவிடுகிற இடங்கள் உண்டு. இன்னொன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுகிறவருக்கு இரவில் தூக்கம் கிடையாது. பகலில் நான்கு மணி நேரமாவது கதவைச் சாத்திக்கொண்டு படுக்க இடம் கொடுங்கள். தூங்காத ஆள்தான் துணியை எடுத்துக் கட்டுகிறார்.

பதில் 4: ஒரு படைவீரரின் மனைவி

எல்லோரும் ஐயாவைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். அந்தப் புடவைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்தேன்.

என் கணவர் 1987-இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். கண்ணிவெடியில் இடது கால் போயிற்று. புணேயில் உள்ள செயற்கை உறுப்பு மையத்தில் கால் பொருத்தி அனுப்பினார்கள். கடைசி ஆறு ஆண்டுகள் படுக்கையில் இருந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலமானார். அந்தப் படையில் போனவர்களிடம் நம் ஊரில் அதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் பேச்சு எங்கே போய் முடியும் என்ற தயக்கம். அவரும் சொல்ல மாட்டார். இரவில் மட்டும் சில பெயர்களைச் சொல்லிக் கூப்பிடுவார். நான் யார் என்று கேட்டதில்லை. விளக்கைப் போட்டு, "நம்ம வீடுதான், நான்தான் இருக்கேன்" என்று மட்டும் சொல்வேன். சொன்ன பிறகு அவர் கை என் கையைத் தேடும். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் யாராவது ஐயாவிடம் போர்க்கதை கேட்டுத் தூண்டினால் தடுத்துவிடுங்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

உங்கள் அம்மா இப்போது எங்கே படுக்கிறார்? அதே அறையில்தான் என்றால் வாரத்தில் இரண்டு இரவாவது வேறு அறையில் படுக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் என் நாத்தனார் சனிக்கிழமை மாலை வந்து ஞாயிறு மாலை வரை பார்த்துக்கொள்வார். அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் நான் அவருக்கு முன்பே போயிருப்பேன். முதல் வாரம் கோயிலுக்குப் போய்விட்டுப் பாதியில் திரும்பி வந்துவிட்டேன், குற்ற உணர்ச்சி. மூன்றாவது வாரம் பிரகாரத்திலேயே சாய்ந்து தூங்கினேன். அம்மாவுக்கும் தனியாக இசிஎச்எஸ் அட்டை இருக்கும். அப்பாவுக்கு மருந்து வாங்கப் போகிற அன்றே அம்மாவின் முழங்காலையும் ரத்த அழுத்தத்தையும் காட்டிவிட்டு வாருங்கள். நான் என் அட்டையை எட்டு ஆண்டு பயன்படுத்தவே இல்லை. மனசு தாங்காத நாளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். யாரிடமும் சொல்ல முடியாததை, உதாரணமாக அவர் மேல் வருகிற கோபத்தை, முகம் தெரியாத ஒருவரிடம் சொல்வது எளிதாக இருந்தது.

காட்பாடி மகள் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. சிறுநீரைப் பரிசோதித்ததில் தொற்று இருந்தது. மருந்து கொடுத்த நான்காம் நாளிலிருந்து இரவுக் கலக்கம் பெரும்பாலும் நின்றுவிட்டது. குழாயை எடுத்துவிட்டு வெளியே மாட்டுகிற உறையும் பையும் போட்டிருக்கிறார்கள். விழுங்கும் சோதனைக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். சிவப்பு மறைந்துவிட்டது. ஓய்வூதிய ஆணையில் அப்பாவின் பிறந்த ஆண்டு இரண்டு ஆண்டு பிந்தி இருக்கிறது, சுபேதார் ஐயா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அம்மா புதன், சனி இரவுகளில் என் அறையில் படுக்கிறார். முதலில் சம்மதிக்கவே இல்லை.

கட்டிலை நகர்த்தி வலது பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிட்டோம், யாரும் அந்தப் பக்கமாக வர முடியாதபடி. புதிதாக வந்திருக்கும் அண்ணனுக்கு முதல் நாளே எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு இந்தி தெரியாது. என்னிடம் கேட்டு உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டார். முதல் நாள் இரவு கால்மாட்டில் நின்று, "ஹவில்தார் சாப்" என்று கூப்பிட்டு, கையைப் பார்த்துப் பார்த்து, "ஏக், தோ" என்று எண்ணிவிட்டு அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தார். "தீன்" என்றார் அப்பா.